ஓலைக்கு ஒரு வெளிச்சம், பேரேட்டுக்கு வேறு வெளிச்சம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே வகைச் சரக்கு இருப்பதில்லை. மரச்சட்டங்களுக்கு நடுவே கயிறு சுற்றிய ஓலைச்சுவடி இருக்கும். கல்யாணத்தில் இரு வீட்டாரும் ஒப்பி எழுதிக்கொண்ட இசைகுடிமானம் இருக்கும். முந்தைய தலைமுறைகளில் அதையும் ஓலையில்தான் எழுதினார்கள். அப்புறம் பர்மாவிலோ மலாயாவிலோ இலங்கையிலோ நடந்த கடையின் பேரேடு, அன்றாட வரவு செலவுச் சிட்டை, ஐந்தொகை, பணம் மாற்றும் உண்டியல் சீட்டு, கடையை நடத்தப் போன மேலாளுக்கு எழுதிய சம்பளச் சீட்டு, ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ராமபாணமும் கறையானும் இவற்றுக்குள் பேதம் பார்ப்பதில்லை. படமெடுக்க வருகிறவர் பார்த்தாக வேண்டும்.

‘எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டால் போதும்’ என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தைப் படமெடுப்பது நகலெடுக்கும் வேலை. நல்ல கேமராவும் பொறுமையும் இருந்தால் முடிந்துவிடும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் போன எழுத்தில்தான். ஓலை கறுத்திருக்கலாம். ஓலை நன்றாக இருந்து, எழுத்திலிருந்த கரி உதிர்ந்திருக்கலாம். தாள் பழுத்து மை வெளுத்திருக்கலாம். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகியிருக்கலாம். நான்குக்கும் காரணம் வேறு. அதனால் பாய்ச்ச வேண்டிய வெளிச்சமும் வேறு. எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், எழுதியவர் எதைக் கொண்டு எழுதினார், அதில் என்ன மிச்சம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பனையோலையில் எழுதும்போது மை கிடையாது. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, எழுத்தாணியால் கீறுவார்கள். வெளிறிய ஓலையில் அந்தக் கீறல் அவ்வளவாகத் தெரியாது. எழுதி முடித்தபின் விளக்குக் கரியையோ வசம்பு சுட்ட கரியையோ இலைச்சாற்றிலோ எண்ணெயிலோ குழைத்து மேலெல்லாம் பூசித் துடைப்பார்கள். மேலே உள்ள கரி துணியோடு வந்துவிடும், கீறலுக்குள் புகுந்தது தங்கிவிடும். ஆக, ஓலையில் ஓர் எழுத்து என்பது ஒரு பள்ளமும், அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் கரியும்.

கரி இருக்கிறது, ஆனால் ஓலையே கறுத்துவிட்டது என்றால் அகச்சிவப்பு கைகொடுக்கும். நம் கண் பார்க்கும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதைத் தாண்டி 850, 940 நானோமீட்டர் பக்கம் போனால் காட்சி மாறுகிறது. ஓலையின் பழுப்பும், எண்ணெய்க் கறையும், தலைமுறை தலைமுறையாகப் பட்ட கை அழுக்கும் அந்த ஒளியை அவ்வளவாக விழுங்குவதில்லை. ஓலை வெளுத்துத் தெரியும். கரியோ எந்த அலைநீளத்திலும் கரிதான், விழுந்த ஒளியை விழுங்கிக்கொள்ளும். கண்ணுக்குக் கறுப்பின் மேல் கறுப்பாக இருந்தது, படத்தில் வெளுப்பின் மேல் கறுப்பாக வரும்.

இது எட்டாத தொழில்நுட்பமும் இல்லை. சாதாரண டிஜிட்டல் கேமராவில் இருக்கும் சிலிக்கான் சென்சார் ஏறத்தாழ 1,000 நானோமீட்டர் வரை பார்க்கக் கூடியது. படத்தின் வண்ணம் கெடாமலிருக்க, அதன் முன்னால் ஒரு வடிகட்டியை வைத்து அகச்சிவப்பைத் தடுத்து விற்கிறார்கள். அதை எடுத்துவிட்டுத் தரும் தொழிலாளிகள் உண்டு. இன்று வீட்டு வாசல்களில் மாட்டியிருக்கும் சிசிடிவி இருட்டில் பார்ப்பதும் பெரும்பாலும் 850 நானோமீட்டர் விளக்கில்தான்.

ஓலைக்கு இந்த முறை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு உடுப்பியில் நடந்த வேலை நல்ல சான்று. அங்கே பலிமார் மடத்தில் இருந்த, துவைத ஆச்சாரியர் மத்வரின் 36 நூல்கள் அடங்கிய சர்வமூல கிரந்தச் சுவடியின் ஏடுகள் கறுத்து, விளிம்பு உதிர்ந்து, படிக்க முடியாத நிலையில் இருந்தன. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர்கள் பி.ஆர். முகுந்தும் ராஜர் ஈஸ்டனும் அகச்சிவப்புப் படங்கள் எடுத்து, கணினியில் மெருகேற்றி, எழுத்தை வெளியே கொண்டுவந்தார்கள். 2006ஆம் ஆண்டு செய்தி அது. இதே ஈஸ்டன் அதற்கு முன் ஆர்க்கிமிடீஸ் சுவடியில் வேலை செய்தவர். 10ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸின் நூல்களைப் படியெடுத்த தோல் ஏடுகளை, 13ஆம் நூற்றாண்டில் சுரண்டி, மேலே பிரார்த்தனை நூல் எழுதிவிட்டார்கள். 1998இல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போன அந்தப் புத்தகத்தை, பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் பல நிற ஒளிகளில் தனித்தனியாகப் படமெடுத்து, அடியிலிருந்த எழுத்தைப் பிரித்தெடுத்தார்கள். மேலே ஓவியம் பூசி மறைந்த பக்கங்களுக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டது. மையிலிருந்த இரும்பு அதில் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்தது.

சரி, ஓலையில் கரியே மிச்சமில்லை என்றால்? நம்மூரில் இது நிறைய உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை கரி பூசி, எண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் நின்று இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இங்கே அகச்சிவப்பால் ஒரு பயனும் கிடையாது, அது தேடுகிற கரி போய்விட்டதே. மிஞ்சியிருப்பது பள்ளம் மட்டும். பள்ளத்தைக் காட்ட நிறம் வேண்டாம், நிழல் வேண்டும்.

விளக்கை ஓலைக்கு மேலே நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில், ஏறக்குறைய ஓலையின் மட்டத்துக்கே தாழ்த்திப் பிடித்தால் ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் நிழல் விழும். அந்தி வெயிலில் மண்ரோட்டுப் பள்ளமெல்லாம் எடுப்பாகத் தெரிவது போலத்தான். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விட்டால், அந்தத் திசையிலேயே ஓடும் கோடுகளுக்கு நிழல் கிடைக்காது. தமிழ் எழுத்தோ வளைவும் சுழியுமாக எல்லாத் திசையிலும் ஓடுவது. ஓலைக்குத் தன் நரம்பு வேறு நீளவாக்கில் ஓடுகிறது. எழுத்தின் கிடைக்கோடு எது, நரம்பு எது என்று குழப்பும். அதனால் நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விட்டு நாலு படமாவது எடுக்க வேண்டும்.

இதையே ஒழுங்காகச் செய்யும் முறைக்கு ஆர்டிஐ (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) என்று பெயர்; தகவல் உரிமைச் சட்டமல்ல. ஹெச்பி நிறுவன ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் இருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட கணக்கு முறையிலிருந்து வளர்ந்தது. கேமரா அசையக் கூடாது, ஓலையும் அசையக் கூடாது; விளக்கு மட்டும் இடம் மாறி மாறி முப்பது, நாற்பது, அறுபது படங்கள் வரை எடுப்பார்கள். பக்கத்தில் ஒரு பளபளப்பான கறுப்புக் குண்டை வைத்திருப்பார்கள். அதில் விழும் மின்னலை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று மென்பொருள் கண்டுபிடிக்கும். முடிவில் கிடைப்பது, வெளிச்சத்தை நம் விருப்பம்போல் திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்க்கக்கூடிய ஒரு படம். நிறத்தை அடியோடு நீக்கிவிட்டு மேடு பள்ளத்தை மட்டும் பார்க்கலாம். இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. செட்டிநாட்டு ஓலைகளுக்குச் செலவும் பலனும் பார்த்தால் முதலில் இறங்க வேண்டிய முறை இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் ‘ஏஐ’, ‘லேசர்’ என்று பெயர் இல்லாததால் இதற்கு யாரும் விழா எடுப்பதில்லை.

படமெடுக்கும் முன் ஒருமுறை கரி பூசிவிட்டால் எழுத்து தெளிந்துவிடுமே என்று கேட்கலாம். தெளியும். கூடவே பூச்சி குடைந்த தடமும், நகம் பட்ட கீறலும், வெடிப்பும் சேர்ந்து கறுப்பாகும். பிறகு எது எழுத்து, எது காயம் என்று பிரிப்பது கடினம். கரி பூசாத நிலையில் ஒரு சுற்று, பூசியபின் ஒரு சுற்று என்று எடுப்பதே நல்லது. ஓலைக்கு அடியிலிருந்து வெளிச்சம் விட்டு ஒரு படம் எடுத்தால் துளைகள் மட்டும் பளிச்சென்று தெரியும், எழுத்து தெரியாது. ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைத்து எழுதுவதில்லை என்பதால், புள்ளி போலத் தெரிவது பூச்சித் துளையா என்று இந்தப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிளாட்பெட் ஸ்கேனரில் ஓலையைக் கவிழ்த்து மூடியை அழுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். வளைந்த ஓலை நரம்போடு பிளக்கும்.

இனி பேரேடு. இங்கேதான் ஓலையில் கற்றது தலைகீழாகிறது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தாளில் எழுதப் பரவலாக இருந்தது இரும்பு கலந்த மை. நம் பக்கத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சியதும் இதே இனம். எழுதியபோது கறுப்பாக இருக்கும். நாளாக ஆகப் பழுப்பாகி, ஈரம் பட்டால் வெளுத்து, சில இடங்களில் தாளையே தின்று ஓட்டை போட்டிருக்கும். இந்த மையை அகச்சிவப்பில் பார்த்தால் எழுத்து மங்கும், பல நேரம் காணாமலே போகும். ஓலையைக் காப்பாற்றிய கேமரா பேரேட்டை வெற்றுத் தாளாக்கிக் காட்டும். இதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பழைய தாள் தானாக மெல்ல ஒளிரும், இரும்பு மை அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாக நிற்கும். வெளுத்துப்போன வரிகள் அதில் திரும்ப வரும். புற ஊதா தாளுக்கும் கண்ணுக்கும் கெடுதல் என்பதால் சில நொடிகளே விளக்கை எரியவிட வேண்டும், அதற்குரிய கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த மை என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் புற ஊதா தொடங்கி நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு வரை ஒவ்வொரு ஒளியிலும் ஒரு படம் எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். பல அலைநீளப் படமெடுப்பு என்பது இதுதான். மையைச் சோதிப்பது வேதியியல்காரர் வேலை, அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதுமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பழைய ஏட்டுக்காரரும் வேதியியல்காரரும் ஒரே ஊர்ச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பது நம் ஊர்களுக்குப் புதிதில்லை.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுக்கும் படத்துக்குக் கணக்கு ஏடுகளில் தனி மதிப்பு உண்டு. கணக்கில் வருஷம் பெரும்பாலும் அறுபதாண்டுச் சுற்றின் பெயரால்தான் இருக்கும். ‘பிரபவ வருஷம்’ என்றால் 1867ஆ, 1927ஆ? 1867 என்றால் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, கீழ்ப் பர்மாவில் செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல் காலூன்றிக்கொண்டிருந்த நேரம். 1927 என்றால் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்துக்குச் சற்று முந்தைய உச்சம். தாளுக்குள் இருக்கும் நீர்க்குறி, தயாரித்த ஆலையின் அடையாளம், தெரிந்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்குகளைப் படிப்பதில் என்ன இருக்கிறது என்றால், பர்மாவின் வரலாறே கொஞ்சம் இருக்கிறது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைவசம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலம் வந்து சேர்ந்ததால் ஆன கணக்கு அது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில அரசின் அறிக்கையில் உள்ள எண். எந்தக் கடன் எப்போது, என்ன வட்டிக்கு, எத்தனை தவணை பொறுத்துக் கடைசியில் நிலமாக மாறியது என்பது அந்தந்தக் கடையின் பேரேட்டில்தான் இருக்கும். ஊருக்கு அனுப்பிய ஐந்தொகையும் கடிதங்களும் தப்பியிருந்தால் அது இங்கேதான், ஏதாவது ஒரு வீட்டு வளவில் இருக்கும்.

ஒட்டிப்போன கட்டு என்றால் எல்லோருக்கும் எக்ஸ்ரே ஸ்கேன் நினைவுக்கு வருகிறது. செய்திகளில் வந்ததும் அதுதான். இஸ்ரேலின் என் கெடியில் 1970இல் கிடைத்த கரிந்த தோல் சுருளை, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழு, பிரிக்காமலேயே மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்து, கணினியில் விரித்து, பைபிளின் லேவியராகமப் பகுதி என்று 2015இல் படித்துக் காட்டியது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையில் கரிந்த, இத்தாலியின் ஹெர்குலேனியம் சுருள்களைப் பிரிக்காமல் படிக்க 2023இல் போட்டி வைத்தார்கள். அந்த அக்டோபரில் ‘ஊதா’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் முதலில் தெரிந்தது. 2024 பிப்ரவரியில் யூசுப் நாதர், லூக் ஃபாரிட்டர், ஜூலியன் ஷில்லிகர் மூவருக்கும் 7 லட்சம் டாலர் பரிசு. அங்கே தாளும் கரி, மையும் கரி. எக்ஸ்ரேயில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாததால், மேற்பரப்பில் மை விட்டுப்போன மிக நுண்ணிய மாற்றத்தை இயந்திரக் கற்றலால் தேட வேண்டியிருந்தது.

நம் ஓலையிலும் மை கரிதான். ஆனால் எழுத்து பள்ளமாக இருப்பதால், கொள்கையளவில், ஒட்டிய கட்டுக்குள்ளும் அந்த வடிவத்தைத் தேட முடியும். முடியும் என்பதற்காக எல்லோரும் அதற்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒட்டிய கட்டை வீட்டில் கத்தி போட்டுப் பிரிக்காமல், உலர்ந்த இடத்தில் அப்படியே வைத்துவிடலாம். பிரிந்து கிடப்பவற்றைப் படமெடுக்கவே ஆள் போதவில்லை.

பிரிந்து கிடப்பவற்றிலும் முதல் படம் எழுத்தின் படமாக இருக்கக் கூடாது. கட்டு கட்டாகவே இருக்கும்போது நாலு பக்கமும் எடுக்க வேண்டும்: சட்டம், கயிறு, ஏடுகளைக் கோக்கும் நாராசக் கம்பி, எந்த ஏடு மேலே, எது கீழே. ஏட்டு எண் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். முதலில் உதிர்வதும் அந்த ஓரம்தான். ஓரம் போய், கயிறும் அவிழ்ந்துவிட்டால் வரிசை போய்விட்டது. எவ்வளவு தெளிவான படமும் அதைத் திருப்பித் தராது. கடிதக் கட்டும் அப்படியே. தேதி வாரியாக அடுக்குகிறேன் என்று கலைத்துவிட்டால், எந்தக் கடிதத்தை எதற்குப் பதிலாக அவர்கள் சேர்த்து வைத்தார்கள் என்பது தெரியாமல் போகும்.

எழுத்து தெளிவாகத் தெரிந்த பிறகும் படிப்பது தனி வேலை. ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றுபோல இருக்கும். ரகரமும் கால் குறியும் வேறுபடாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த திருத்தங்கள் எல்லா எழுத்தாணிக்கும் உடனே போய்ச் சேரவும் இல்லை. செட்டிநாட்டை ஒட்டிய மிதிலைப்பட்டியில் அழகிய சிற்றம்பலக் கவிராயர் வீட்டு ஏடு உ.வே. சாமிநாதையருக்கு மணிமேகலைப் பதிப்பில் கைகொடுத்தது. ஏடு கிடைத்த மாத்திரத்தில் நூல் வந்துவிடவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டு, பௌத்தத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு, 1898இல்தான் அச்சிட்டார்.

கணக்கு ஏட்டில் சிரமம் வேறு. மேலே பிள்ளையார் சுழி, அப்புறம் வருஷம், மாதம், தேதி, பற்று, வரவு எல்லாம் குறியீடுகள். தொகை பின்னத்தில் போகும்: கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதிலும் 320இல் ஒரு பங்கு. வட்டிக் கணக்கில் இது விளையாட்டில்லை. இந்தப் பின்னக் குறிகளுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019இல்தான், ஒரே தவணையில் 51 குறிகள். அதுவரை படித்தவர் கூட, படித்ததைக் கணினியில் அப்படியே தட்டச்சு செய்ய முடியாது. கையெழுத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருள்களைப் பழக்கவும், ஒருவர் உட்கார்ந்து சரியாகப் படித்து எழுதிக்கொடுத்த பக்கங்கள் முதலில் தேவை. கடையில் கணக்குப் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகியவர்கள் இப்போது மிகக் குறைவு. அதனால் வேலையின் வரிசையை நான் மாற்றச் சொல்வேன். முழுப் பெட்டியையும் படமெடுத்து முடித்துவிட்டு அவர்களைத் தேடுவதை விட, பத்துப் பக்கம் எடுத்த உடனே அவர்களிடம் காட்டி, அவர்கள் வாசிப்பதைக் குரலோடு பதிவு செய்துகொள்ளலாம்.

சேர்த்து வைப்பதில் இந்த மண்ணுக்கு நல்ல முன்னோடி இருக்கிறார். கோட்டையூரில் விளம்பரப் பலகை வரைந்து பிழைத்த ரோஜா முத்தையா, தன் கைக்காசில் லட்சம் அளவுக்கு அச்சு நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டுக்கு வெளியே கொண்டுபோகாமல், 1994இல் சென்னையில் நூலகமாக்கியது. ஆனால் அச்சு நூலுக்கும் வீட்டுக் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பேரேட்டில் கடன் வாங்கினவர் பெயர் இருக்கும், திவாலான பங்காளியின் கதை இருக்கும், யார் பங்கு யாருக்குப் போனது என்பது இருக்கும். வீடே பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சம்மதித்து இன்னொருவர் மறுத்தால் பெட்டி மூடியே கிடக்கும், அல்லது ஒருநாள் பாத்திரம் பண்டத்தோடு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைப் பக்கம் போய்ச் சேரும். அங்கே போனபின் அது எந்த வீட்டு ஏடு என்பதே தெரியாது.

இந்தத் தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. படமெடுப்பதும் வெளியிடுவதும் ஒன்றல்ல என்பதைத் தாளில் எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். நூல் ஏடுகளை இப்போதே திறந்துவிடலாம். இசைகுடிமானத்தையும் கணக்கையும் படமெடுத்து, விவரப் பட்டியலை மட்டும் வெளியிட்டு, பக்கங்களைப் பங்காளிகள் ஒப்பிய காலம் வரை மூடி வைக்கலாம். அசல் வீட்டிலேயே இருக்கலாம். படங்களின் ஒரு பிரதி வீட்டில், ஒன்று நூலகத்தில், ஒன்று வேறு ஊரில். சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்புகளாக, பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து எடுத்தவையாக. ஹார்டு டிஸ்க்கை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது, அதன் ஆயுள் ஓலையின் ஆயுளில் சிறு பங்குகூட இல்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, புதியதில் மாற்றி எழுதுவது யார் பொறுப்பு என்று அந்தத் தாளிலேயே ஒரு பெயரும் போட்டுவிட வேண்டும்.